வெளிநாட்டு வேலைக்குக் காசு கட்டுவதற்கு முன்: திருகோணமலைக்காரருக்கு ஒரு வழிகாட்டி

உப்புவெளியில் சின்னதாக ஒரு கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, டைப்பிங், படிவம் நிரப்புவது, இதுதான் என் தொழில். வெளிநாடு போகிறவர்களின் காகிதங்கள் ஒரு நாளைக்கு நாலைந்தாவது என் கையால் போகும். அப்படி இருந்தும் என் தம்பிக்கு ருமேனியாவில் தொழிற்சாலை வேலை எடுத்துத் தருகிறேன் என்று சொன்ன ஒருவரிடம் 4 இலட்சத்து 75 ஆயிரம் ரூபா கொடுத்து ஏமாந்தோம். பதினொரு மாதம் அலைந்து 3 இலட்சத்தைத் திரும்ப வாங்கினோம். மிச்சம் இன்னும் வரவில்லை.

வந்தவர் முன்பின் தெரியாத ஆள் இல்லை. அம்மாவின் ஊர்ப்பக்கம், திருவிழாவில் கண்டால் நின்று கதைக்கிற முகம். வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "தம்பி எனக்கும் தம்பிதான்" என்று சொன்னவரிடம் அனுமதிப்பத்திரம் எங்கே, பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. எங்கள் காசு அந்தக் கூச்சத்தில்தான் போனது. மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் என்று எங்கிருந்து யார் கடைக்கு வந்து இதே கதையைச் சொன்னாலும் நடுவில் நிற்பவர் ஒரு மச்சான், ஒரு மாமா, ஒரு பழைய வகுப்புத் தோழன். ஆகவே கீழே உள்ளவற்றை இப்படித் தெரிந்த ஒருவரிடம் கேட்க வேண்டி வந்தால், "பிழையாக நினைக்காதீர்கள், எங்கள் வீட்டில் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். சரியான ஆள் கோபிக்க மாட்டார்.

1. முதலில் அனுமதிப்பத்திர இலக்கம்

இலங்கையில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பதற்கு 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் கொடுக்கும் அனுமதிப்பத்திரம் இருக்க வேண்டும். நாம் பீரோ என்று சொல்வது இந்தப் பணியகத்தைத்தான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஆள் சேர்ப்பது குற்றம்.

எனவே கதை தொடங்கியவுடன் மூன்று விஷயத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: ஏஜென்சியின் பெயர், அனுமதிப்பத்திர இலக்கம், அலுவலக விலாசம். பிறகு 1989 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். அது பணியகத்தின் நேரடித் தொலைபேசி. பணியகத்தின் இணையத்தளத்திலும் அனுமதி பெற்ற ஏஜென்சிகளின் பட்டியல் இருக்கிறது. போனில் கதைத்துப் பழக்கம் இல்லாதவர்கள் தங்கள் பிரதேச செயலகத்துக்குப் போய் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பொறுப்பில் உள்ள அபிவிருத்தி உத்தியோகத்தர் யார் என்று கேட்கலாம். செலவு ஒரு கோல் காசு, இல்லாவிட்டால் ஒரு பஸ் காசு. ஒரு காலைப்பொழுது போதும்.

இதில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

ஒன்று, இரவல் இலக்கம். புரோக்கர் உண்மையான ஓர் ஏஜென்சியின் இலக்கத்தைத் தருவார். பட்டியலில் பார்த்தால் இருக்கும், நாமும் நம்பிவிடுவோம். ஆனால் அந்த ஏஜென்சிக்கு இவரை யார் என்றே தெரியாது. ஆகவே பட்டியலில் உள்ள தொலைபேசி இலக்கத்துக்கே நீங்கள் எடுத்து, "இன்னார் உங்கள் ஆளா, இந்த வேலை உங்களிடம் இருக்கிறதா" என்று கேளுங்கள். புரோக்கர் தந்த இலக்கத்துக்கு எடுத்தால் எடுப்பது அவருடைய கூட்டாளியாக இருக்கலாம்.

இரண்டு, வியாபாரப் பதிவுச் சான்றிதழ். எங்களுக்குக் காட்டியது இதுதான். அரச இலச்சினை, இலக்கம், கையொப்பம் எல்லாம் இருந்தது. அதுவும் உண்மையான சான்றிதழ்தான். ஆனால் பலசரக்குக் கடைக்கும் சலூனுக்கும் கொடுக்கிற அதே பதிவு அது. கம்பனிப் பதிவும் அப்படியே. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் உரிமையை அது யாருக்கும் கொடுக்காது. தாளில் "வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்" என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கல்வி ஆலோசனை, சுற்றுலா, விசா சேவை என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் வேலை தருகிறோம் என்றால் இன்னும் கவனம் வேண்டும்.

மூன்று, "நான் ஏஜென்சி இல்லை, கொழும்பில் தெரிந்த ஆள் இருக்கு, உதவிதான் செய்கிறேன்" என்ற பேச்சு. உதவி செய்கிறவர் கையில் காசு வாங்கினால் அவர் உதவியாளர் இல்லை. அந்த நிமிடமே அவரிடம் இருந்து கொழும்பு ஏஜென்சியின் பெயரை வாங்கிக்கொண்டு, மிச்சத்தை நீங்களே நேரில் பேசுங்கள்.

2. அந்த வேலைக்கு அனுமதி இருக்கிறதா

அனுமதிப்பத்திரம் உள்ள ஏஜென்சி என்றவுடன் நிம்மதி அடைந்துவிடக்கூடாது. ஒவ்வொரு ஜொப் ஓர்டருக்கும், அதாவது வெளிநாட்டுக் கம்பனி ஆள் கேட்டு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும், பணியகத்திடம் தனியாக அனுமதி எடுக்க வேண்டும். முறையான விளம்பரத்தில் அனுமதிப்பத்திர இலக்கத்தோடு அந்த வேலைக்கான அனுமதி இலக்கமும் இருக்கும். பேஸ்புக்கில் வரும் பச்சை, சிவப்பு எழுத்துப் படங்களில் பாதிக்கு மேல் ஒரு வட்ஸ்அப் இலக்கத்தைத் தவிர வேறொன்றும் இருப்பதில்லை. அதைப் பார்த்தவுடன் தள்ளிவிடுங்கள்.

1989க்கு எடுக்கும்போது பொதுவாக "இந்த ஏஜென்சி நல்லதா" என்று கேட்டால் பதில் உங்களுக்கு உதவாது. இப்படிக் கேளுங்கள்: "இந்த ஏஜென்சிக்கு இந்த நாட்டில் இந்த வேலைக்கு இப்போது அனுமதி இருக்கிறதா? சம்பளம் எவ்வளவு என்று பதிந்திருக்கிறது? போகிறவரிடம் எவ்வளவு வாங்கலாம்?" கிடைக்கும் பதிலைத் திகதி, நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னால் முறைப்பாடு என்று வந்தால் அந்தக் கொப்பி பெரிய உதவி.

3. நாட்டுக்கு நாடு ஒரு கேள்வி

கொரியா: தொழிற்சாலை, மீன்பிடி வேலைகளுக்குப் போகும் அனுமதித் திட்டம் இரண்டு அரசாங்கங்களுக்கு இடையில் நடக்கிறது. கொரிய மொழிப் பரீட்சை, விண்ணப்பம், அனுப்புவது எல்லாம் பணியகத்தின் வழியாகத்தான். தனியார் ஏஜென்சிக்கு இதில் இடமே இல்லை. எனவே இந்தத் திட்டத்தில் "கொரியாவுக்கு ஆள் எடுக்கிறோம், பரீட்சை இல்லாமல் போகலாம்" என்று சொல்பவர் பொய் சொல்கிறார். மொழி படிப்பிக்கும் வகுப்புக்குக் காசு கட்டுவது வேறு விஷயம், அது வெறும் வகுப்பு.

கத்தார்: வேலை விசாவுக்கான கைரேகை, மருத்துவப் பரிசோதனை, ஒப்பந்தத்தில் கையொப்பம் எல்லாம் கொழும்பில் உள்ள கத்தார் விசா நிலையத்தில் நடக்கும். செலவு வேலை கொடுப்பவருடையது. ஒப்பந்தத்தை அங்கேயே வாசித்துப் பார்க்கலாம். சொன்ன சம்பளமும் தாளில் உள்ள சம்பளமும் வேறு என்றால் கையொப்பம் வைக்காமல் எழுந்து வரலாம்.

டுபாய் உட்பட ஐக்கிய அரபு இராச்சியம்: ஆள் சேர்க்கும் செலவை வேலைக்கு வருபவரிடம் வாங்கக்கூடாது என்று அந்த நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் சொல்கிறது. முறையான வேலைக் கடிதத்துக்கு அங்குள்ள தொழில் அமைச்சின் இலக்கம் இருக்கும், அதை அமைச்சின் இணையத்தளத்தில் போட்டுப் பார்க்கலாம். நம் பக்கம் அதிகம் நடப்பது, விசிட் விசாவில் அனுப்பி "அங்கே போய் மாற்றலாம்" என்பது. போனவர் எட்டுப் பேர் ஓர் அறையில் படுத்துக்கொண்டு, விசா முடியும் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்.

கனடா: வெளிநாட்டவரை வேலைக்கு எடுக்கும் கம்பனி பெறவேண்டிய தொழிற்சந்தை மதிப்பீட்டுக்கு 1,000 கனடா டொலர் கட்டணம். அதைக் கம்பனியே கட்ட வேண்டும், தொழிலாளியிடம் அறவிடக்கூடாது. ஆகவே அந்தக் காகிதத்துக்கென்று உங்களிடம் காசு கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

தாய்லாந்து: இதை எல்லாப் பெற்றோரும் தெரிந்திருக்க வேண்டும். "டேட்டா என்ட்ரி", "கஸ்டமர் சப்போர்ட்", டொலரில் சம்பளம், அனுபவம் தேவையில்லை, டிக்கெட் நாங்களே போடுகிறோம் என்று வரும். பாங்கொக்கில் இறங்கியவர்களை எல்லையோரம் கூட்டிப்போய் மியன்மாரின் மியாவடிப் பக்கம் கடத்திவிடுகிறார்கள். அங்கே அடைத்து வைத்து, உலகம் முழுக்க ஆட்களை ஏமாற்றும் கணினி வேலையைச் செய்விக்கிறார்கள். 2024, 2025ஆம் ஆண்டுகளில் அங்கிருந்து இலங்கை இளைஞர்கள் பலர் மீட்கப்பட்டார்கள். காசு கேட்காத வேலை என்பதால் இது மோசடி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே அவர்கள் எடுக்க நினைப்பது ஆளை.

4. காசு: எப்போது, யாருக்கு, எப்படி

எங்களிடம் காசு போன விதத்தை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் கடைக்கு வந்து கதை சொன்ன பலருக்கும் இதே ஒழுங்கில்தான் போயிருக்கிறது.

முதலில் 75,000. "ஃபைல் திறக்க". ஆறு கிழமைக்குப் பிறகு ஒன்றரை இலட்சம், "வேர்க் பேர்மிட் வந்துவிட்டது". வட்ஸ்அப்பில் ஒரு படமும் வந்தது. பிறகு இரண்டு இலட்சம், "விசா ஸ்டாம்பிங், நாளைக்குப் பின்னேரம் 3 மணிக்குள் போட வேண்டும், இல்லாவிட்டால் இடம் மற்றவருக்குப் போய்விடும்". அம்மாவின் தாலிக்கொடி அன்று காலை அடகுக்குப் போனது. கடைசியாக 50,000, "டிக்கெட் விலை கூடிவிட்டது". ஒவ்வொரு தடவையும் சின்ன அவகாசம், ஒவ்வொரு தடவையும் வேறு ஒருவரின் வங்கிக் கணக்கு. ஏற்கெனவே கொடுத்தது வீணாகிவிடக்கூடாதே என்ற பயத்தில் அடுத்ததைக் கொடுத்தோம். இரண்டாவது தவணையிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. ஆனால் "இப்ப நிறுத்தினா 75 போயிடும்" என்று நானே வீட்டில் சொன்னேன்.

பற்றுச்சீட்டு என்று எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. முதல் நாள் தம்பி கேட்டதற்கு, சுவரில் இருந்த கலண்டரில் முடிந்த மாதத்துத் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் "75,000 பெற்றேன்" என்று எழுதி ஒரு சுழி போட்டுக் கொடுத்தார். திகதி இல்லை. எதற்கு என்று இல்லை. யார் பெற்றது என்றும் இல்லை. முறைப்பாடு எழுதும்போது உத்தியோகத்தர் அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் அம்மன் படம், மறுபக்கம் ஒரு தொகை. அவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் அதில் பதில் இல்லை.

ஆகவே இதை உங்கள் வீட்டுச் சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணியகம் அந்த வேலைக்கு அனுமதி கொடுத்திருக்கிறது என்று நீங்களே கேட்டு அறிவதற்கு முன் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். பதிவுக் காசு, ஃபைல் காசு, "டோக்கன்" என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அதுவும் காசுதான்.

கையில் காசாகக் கொடுக்க வேண்டாம். ஏஜென்சியின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும் போடுங்கள். தனி ஆளின் கணக்கு என்றால் நிறுத்துங்கள். போடும்போது குறிப்புப் பகுதியில் போகிறவரின் பெயரையும் நாட்டையும் எழுதுங்கள். வைப்புச் சிட்டையின் எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அன்றே ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள். கடைக்கு வரும் எல்லோருக்கும் நான் இதைச் சொல்கிறேன். வெள்ளைத் தாளாகிப்போன சிட்டையைக் கொண்டுவந்து நின்றவர்களைக் கண்டிருக்கிறேன்.

பற்றுச்சீட்டில் ஏஜென்சியின் பெயர், அனுமதிப்பத்திர இலக்கம், திகதி, தொகை எழுத்திலும் இலக்கத்திலும், எந்த நாட்டு எந்த வேலைக்கு, பெற்றவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் இவ்வளவும் இருக்க வேண்டும்.

ஏற்கெனவே பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுத்துவிட்டீர்களா? சண்டை தொடங்குவதற்கு முன், இன்றே, சாதாரணமாக ஒரு வட்ஸ்அப் செய்தி போடுங்கள்: "அண்ணா, ருமேனியா வேலைக்கு 5ஆம் திகதி தந்த 75,000, 20ஆம் திகதி உங்கள் கணக்குக்குப் போட்ட 1,50,000, இரண்டும் சேர்ந்து 2,25,000 உங்களிடம் வந்து சேர்ந்ததுதானே? வீட்டுக் கணக்கு எழுதுகிறோம்." அவர் "ஓம்" என்று பதில் போட்டால் அது உங்களுக்குச் சாட்சி. எங்களுக்குத் திரும்ப வந்த 3 இலட்சமும் அப்படி வாங்கிய ஒரு "ஓம் தம்பி"யின் பலத்தில்தான் வந்தது.

5. கடவுச்சீட்டும் மூலப் பிரதிகளும்

கடவுச்சீட்டைப் பிணையாக வைத்திருக்க எந்தப் புரோக்கருக்கும் உரிமை இல்லை. விசாவுக்காக ஏஜென்சியிடம் கொடுக்க வேண்டி வந்தால், அது அனுமதி பெற்ற ஏஜென்சி என்று உறுதி செய்த பிறகு, என்ன திகதியில் எதற்காக வாங்கினார்கள் என்று எழுத்தில் எடுத்துக்கொண்டு கொடுங்கள். எங்கள் ஆள் தம்பியின் கடவுச்சீட்டைத் திருப்பித் தர மாட்டேன் என்று இரண்டு மாதம் இழுத்தார். புதிதாக எடுப்பதென்றால் பணம் மட்டுமில்லை, பொலிஸ் முறைப்பாடு, பயணம், காத்திருப்பு என்று தனி அலைச்சல்.

பிறப்புச் சான்றிதழ், கல்விச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாவற்றிலும் கொப்பியே போதும். அடையாள அட்டைக் கொப்பி கொடுக்கும்போது அதன் குறுக்கே பேனாவால் "ருமேனியா வேலை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதித் திகதியும் போடுங்கள். அந்தக் கொப்பியை வைத்து வேறு காரியம் பார்ப்பது கஷ்டமாகிவிடும். வெற்றுத் தாளிலோ நிரப்பாத படிவத்திலோ கையொப்பம் கேட்டால் வைக்கவே வேண்டாம். அப்புறம், போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கத்தை "விசா ஃபோர்ம் நிரப்ப" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அது உங்கள் வங்கிக் கணக்கின் திறப்பு.

6. வேலைக் கடிதத்தைக் கையில் வைத்துப் பாருங்கள்

தம்பிக்கு வந்த கடிதத்தை அன்று நான்தான் பிரின்ட் எடுத்தேன். சந்தோஷத்தில் வாசிக்கவில்லை. எட்டு மாதம் கழித்து வேறொரு பையன், நிலாவெளிப் பக்கம், அதே கடிதத்தைக் கொண்டுவந்தான். அதே கம்பனி, அதே சம்பளம், அதே முத்திரை, முத்திரை விழுந்த சரிவு கூட அதே. தம்பியின் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயர் மட்டும் மாறியிருந்தது, பெயர் இருந்த வரியின் எழுத்து மற்ற வரிகளைவிடக் கொஞ்சம் தடிப்பு. இரண்டிலும் கடவுச்சீட்டு இலக்கம் ஒன்றே. அது என் தம்பியின் இலக்கமும் இல்லை, அந்தப் பையனின் இலக்கமும் இல்லை. எங்களுக்கு முன் ஏமாந்த யாரோ ஒருவருடையது.

அந்தப் பையனின் அப்பா அன்று காசு போட வங்கிக்குப் போகும் வழியில்தான் கடைக்கு வந்திருந்தார். போடவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியவை: உங்கள் பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் மூன்றும் எழுத்துக்கு எழுத்து சரியா. சம்பளம் எந்த நாணயத்தில் இருக்கிறது. ருமேனியாவின் நாணயம் லெய், எங்கள் கடிதத்தில் டொலர். வேலை நேரம், மேலதிக நேரக் கொடுப்பனவு, தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதா. மின்னஞ்சல் கம்பனியின் பெயரில் உள்ளதா, யாரும் இலவசமாகத் திறக்கும் ஜீமெயிலா. அந்தக் கம்பனியை இணையத்தில் தேடி, அங்கே உள்ள மின்னஞ்சலுக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் என்னைப் போன்ற கடைக்காரர் யாரும் எழுதித் தருவார்கள். பதில் வர ஒரு கிழமை பொறுங்கள். அந்த ஒரு கிழமையைத் தர மறுக்கிறவரிடம் காசைத் தர வேண்டாம்.

விசா கையில் வந்தால் வகை என்ன என்று பாருங்கள். விசிட், டூரிஸ்ட் என்று இருந்தால் அது வேலை விசா இல்லை, யார் என்ன விளக்கம் சொன்னாலும்.

7. பறக்க முன் பதிவு

வேலைக்குப் போகிறவர் புறப்படுவதற்கு முன் பணியகத்தில் பதிய வேண்டும். "எயார்போட்டில் நம்ம ஆள் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்" என்றால் போக வேண்டாம். ஏஜென்சி இல்லாமல் சொந்தக்காரர் எடுத்துக் கொடுத்த வேலைக்கும் பதிவு உண்டு. பதிவுக் கட்டணத்தைப் பணியகத்திலேயே கேட்டு, அங்கேயே கட்டுங்கள்.

ஒப்பந்தம், விசா, கடவுச்சீட்டு, டிக்கெட், பற்றுச்சீட்டுகள், கம்பனி விலாசம், அங்கே உள்ள இலங்கைத் தூதரகத்தின் இலக்கம், இவற்றின் ஒரு செட் கொப்பி வீட்டில் இருக்க வேண்டும். அம்மாவோ மனைவியோ எடுக்கக்கூடிய இடத்தில். போனவருக்கு ஏதும் என்றால் 1989க்கு எடுப்பவர் கையில் அந்தக் கோவை இருந்தால் பாதி வேலை முடிந்தது.

8. காசு போய்விட்டது என்று தெரிந்தால்

அன்றே: அடுத்த காசை நிறுத்துங்கள். "உன்னை விடமாட்டேன்" என்று செய்தி போட வேண்டாம், அவர் இலக்கத்தை மாற்றிவிடுவார். அத்தோடு உங்கள் மிரட்டலே அவருக்குச் சாட்சியாகிவிடும். வட்ஸ்அப் செய்திகளையும் குரல் பதிவுகளையும் வேறு போனுக்கு அனுப்பிச் சேமியுங்கள், இலக்கம் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். காசு கடைசி ஓரிரு நாளுக்குள் போயிருந்தால் வங்கிக்கு உடனே சொல்லி எழுத்திலும் கொடுங்கள். உடனடிப் பரிமாற்றம் நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும், ஆனாலும் எடுக்கப்படாத காசைத் தடுக்க வாய்ப்பு உண்டு. ஆளை நேரில் காணாமல் முழுக்க இணையத்தில் நடந்தது என்றால் இணைய மோசடிகளுக்கு உதவும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101க்கும் எடுங்கள்.

முதல் கிழமைக்குள்: பொலிஸ் முறைப்பாடு. இதை வீட்டிலிருந்தே எழுதிக்கொண்டு போங்கள். ஒன்றரைப் பக்கம் போதும்: யார், எங்கே சந்தித்தது, என்ன சொன்னார், எந்தத் திகதியில் எவ்வளவு, எந்தக் கணக்குக்கு, யார் பார்த்தது. நாலு பிரதி எடுங்கள். முறைப்பாடு கொடுப்பதற்குக் காசு இல்லை. முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் வாங்காமல் வெளியே வர வேண்டாம்.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. "அவருக்குக் காசு கொடுத்தேன், திருப்பித் தருகிறாரில்லை" என்று நீங்கள் தொடங்கினால் அது கொடுக்கல் வாங்கல் பிரச்சினையாக எழுதப்பட்டுவிடும். "மத்தியஸ்த சபைக்குப் போங்கள்" என்று முடியலாம். முதல் வசனத்திலேயே "அனுமதிப்பத்திரம் இல்லாமல் வெளிநாட்டு வேலை தருவதாகச் சொல்லிப் பணம் பெற்றார்" என்று எழுதுங்கள். எங்கள் முதல் முறைப்பாடு கொடுக்கல் வாங்கலாகவே பதியப்பட்டது. அதைத் திருத்தி மேலதிக வாக்குமூலம் கொடுக்க இரண்டரை மாதம் போனது.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். தமிழும் அரச கரும மொழி, தமிழில் முறைப்பாடு கொடுப்பது உங்கள் உரிமை. விளங்காமல் கையொப்பம் வைக்க வேண்டாம். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுவார்கள்.

அதே கிழமையில் பணியகத்துக்கும் முறைப்பாடு கொடுங்கள். தலைமை அலுவலகம் பத்தரமுல்லை, கொஸ்வத்தையில் இருக்கிறது. இரவு பஸ்ஸிலோ இரவு ரயிலிலோ போனால் காலை அலுவலகம் திறக்கும் நேரத்துக்கு நிற்கலாம். ஆனால் போவதற்கு முன் 1989க்கு எடுத்து, என்னென்ன கொண்டுவர வேண்டும், கிட்ட உள்ள அலுவலகத்தில் கொடுக்கலாமா என்று கேளுங்கள். நாங்கள் கேட்காமல் போட்டோக்கொப்பிகளை மட்டும் தூக்கிக்கொண்டு போனோம். மூலப் பிரதி இல்லாததால் இன்னொரு பயணம். இரண்டு பேருக்கு போக வர பஸ், சாப்பாடு, இரண்டு நாள் கூலி, எல்லாம் இரண்டு தடவை. கொண்டுபோக வேண்டியவை: முறைப்பாட்டுக் கடிதம், அடையாள அட்டை, கடவுச்சீட்டு, வைப்புச் சிட்டைகள், பற்றுச்சீட்டு என்று எது இருக்கிறதோ அது, செய்திகளின் பிரின்ட், அந்தச் செய்திகள் உள்ள போன், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம். எல்லாவற்றிலும் மூலமும் ஒரு கொப்பியும்.

சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் திருகோணமலையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்குப் போகலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறார்கள். எங்கள் வழக்கில் அசைவு வந்தது அங்கே போன பிறகுதான்.

காலம் பற்றி: ஒரு மாதத்தில் முடியும் என்று நினைத்துக் கடன்காரருக்கு நாள் கொடுத்துவிடாதீர்கள். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள், அவர் வர மாட்டார், அடுத்த திகதி போடுவார்கள். ஒவ்வொரு திகதிக்கும் நீங்கள் கட்டாயம் போக வேண்டும்.

9. காசு திரும்ப வரத் தொடங்கும்போது

இந்த இடத்தில்தான் ஆட்கள் களைத்துப்போய்த் தவறு விடுகிறார்கள். அவர் தவணையாகத் தருகிறேன் என்பார். சம்மதிக்கலாம், ஆனால் பொலிஸிலோ பணியகத்திலோ மத்தியஸ்த சபையிலோ சட்டத்தரணி முன்னோ எழுத்தில் இருக்க வேண்டும், திகதியும் தொகையும் போட்டு. வீட்டுக்கு வந்து "முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கள், மறுநாள் முழுதும் தருகிறேன்" என்றால் முதலில் காசு, பிறகு வாபஸ்.

காசோலை தந்தால் வங்கியில் போடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். "இப்ப போடாதீங்க, நான் சொல்கிறேன்" என்று மாதக்கணக்கில் இழுப்பார்கள், ஆறு மாதம் தாண்டினால் அந்தக் காசோலை செல்லாது. கணக்கில் காசு இல்லாமல் திரும்பினால் வங்கி தரும் சிட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பணம் இல்லை என்று தெரிந்தே காசோலை கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம்.

இந்த நேரத்தில் வேறொருவரும் வருவார். "போன காசை எடுத்துத் தருகிறேன், மேலிடத்தில் ஆள் இருக்கு, 25,000 மட்டும் முன்பணம்" என்பார். பேஸ்புக்கில் உங்கள் கதையை எழுதினால் அடுத்த நாளே வருவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார், அம்மா கொடுக்கவும் தயாராக இருந்தார். பொலிஸ், பணியகம், சட்ட உதவி எதுவும் காசை எடுத்துத் தர முன்பணம் கேட்பதில்லை.

ஒவ்வொரு தவணை வாங்கும்போதும் நீங்களும் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கள், மீதி எவ்வளவு என்று கீழே எழுதி அவரிடமும் கையொப்பம் வாங்குங்கள். "கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்று டைப் செய்து கொண்டுவரும் தாளில் கடைசிச் சதம் கைக்கு வரும் வரை கையொப்பம் வைக்க வேண்டாம். எங்களுக்கு அப்படி ஒரு தாள் மூன்றாவது தவணையோடு வந்தது. தம்பி "தீர்ந்தது" என்ற சொல்லை வெட்டிவிட்டு, "1,75,000 மீதி" என்று எழுதிக் கையொப்பம் வைத்தான். அந்தத் தாள் இப்போது கோவையில் மேலே இருக்கிறது.